தேவசேனா மேடத்துக்கு வந்த இரங்கல்கள்

நகரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வேதாச்சலத்தின் பிளெக்ஸ் கடை இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் பேனர் உண்டு என்றாலும், கடை ஓடுவது சாவால்தான். சாவு வீட்டார் மட்டுமே அவசரமாக வந்து, குறை சொல்லாமல் போகிறவர்கள்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளையான வேதாச்சலம், கார்வேட்டிநகரம் சாலையில் இருந்த ஒரு சின்னக் கல்லூரியில் தாவரவியல் படித்தவர். அந்தப் படிப்பு அவருக்கு எந்த வேலையையும் தரவில்லை. கல்லூரியும் மூடிப்போய், கட்டடம் உரமூட்டைக் கிடங்காகிவிட்டது. மிஞ்சியது பழைய மாணவர் சங்கம் என்ற வாட்ஸ்அப் குழு ஒன்றுதான். வேறு யாரும் முன்வராததால் வேதாச்சலம் அதற்குச் செயலாளர். மாதாமாதம் செய்தி போடுவார்: யார் வீட்டில் கல்யாணம், யார் பணி ஓய்வு, யார் காலமானார். கடைசி வகைக்குத்தான் எல்லோரும் பதில் போடுவார்கள்.

தாவரவியல் பாடம் எடுத்த தேவசேனா மேடத்தின் மகள் ஹரிதா ஒருநாள் திருப்பதியிலிருந்து கடைக்கே வந்தாள்.

"அம்மாவுக்கு ஒரு கண்ணு போயிடுச்சி அண்ணா. இன்னொண்ணும் போய்க்கினே இருக்குது, ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள ஸ்டூடன்ட்ஸ் மொகத்த ஒரு தபா பாக்கணுமாம்."

"அவ்ளோதானேம்மா? எங்காளுங்க பாதிப் பேரு திருப்பதி, ரேணிகுண்டாவுலதான் கீறாங்க. நான் கூட்டிக்கினு வரேன்."

அன்று மாலையே அழைப்பு தயாரித்தார். மேடத்தின் பழைய படத்தைக் கணினியில் ஏற்றி, கைக்கு முதலில் வந்த சட்டத்தில் பொருத்தினார். நீள்வட்டம், இருபுறமும் மல்லிகைச் சரம். கீழே இருந்த குத்துவிளக்கை மட்டும் நீக்கினார். 'நம் அன்புக்குரிய தேவசேனா மேடம்' என்று மேலே எழுதி, ஞாயிறு காலை பத்து மணி, அலிபிரி சாலையில் அவரது இல்லம், அனைவரும் வரவும் என்று கீழே போட்டார். பார்க்க லட்சணமாக இருந்தது. காரணத்தை விளக்கிப் படத்தின் அடியில் ஒரு பத்தியும் எழுதினார்.

அவர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் குழுவில் ஓம் சாந்திகள் குவிந்திருந்தன. ரேணிகுண்டாவில் பட்டறை வைத்திருக்கும் கிஷோர் நீளமாகவே எழுதியிருந்தான்: 'போன மாதம்தான் மேடம் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்துவிட்டு வந்தேன். தலையைத் தடவி, நல்லா இரு என்றார். அதுதான் கடைசி என்று தெரியாமல் போயிற்று.' அதைப் படித்த மற்றவர்களும் சளைக்கவில்லை. ஒருவர் ஞாயிறுதோறும் போனில் பேசியிருந்தார். இன்னொருவர் பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

வேதாச்சலம் பதறிப்போய், மேடம் உயிரோடுதான் இருக்கிறார், இது சந்திப்புக்கு அழைப்பு என்று எழுதினார். குழு அப்படியே அடங்கிவிட்டது. பிறகு ஒவ்வொரு இரங்கலாக நீக்கப்பட்டது. அதற்குள் யாரோ எல்லாவற்றையும் ஹரிதாவுக்கே அனுப்பியிருந்தார்கள்.

"அம்மா எல்லாத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டாங்க அண்ணா" என்றாள் அவள் போனில்.

"திட்னாங்களாம்மா?"

"இல்ல, சிரிச்சாங்க. 'கிஷோரு போன மாசம் வந்தானாமே, எனக்குத்தான் யாரும் சொல்லல'ன்னாங்க."

மறுநாள் கிஷோர் அழைத்தான். "டேய் வேதா, உயிரோட கீற மனுஷிக்கு மாலை போட்டுக் காட்னா நாங்க இன்னாடா நெனைக்கிறது?"

"கீழ எழுதி இருந்தேனே."

"அத எவன்டா படிப்பான்?"

"தப்புதான், உடு. ஞாத்திக்கெழம வந்துட்ரா. மேடம் கோவமா இல்ல. சிரிச்சிக்கினுதான் கீறாங்க."

"அதான்டா வர முடியாது. கோவிச்சிக்கினா கால்ல உழுந்துடலாம். சிரிச்சா இன்னா பண்றது?"

அவர்கள் எழுதியதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. போக வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்திருந்தார்கள். நினைத்ததையே செய்ததாக எழுதினார்கள். செத்தவர் மறுத்துப் பேச மாட்டார் என்ற தைரியத்தில் காட்டிய அன்பு அது. அவர் இருக்கிறார் என்றானபின் அதற்குப் போக்கிடம் இல்லை.

ஞாயிறன்று வேதாச்சலம் முதல் பேருந்தில் திருப்பதி போனார். ஹரிதா வாசலில் பந்தல்காரரின் நாற்காலிகளைப் போட்டு, கேசரி கிளறி வைத்திருந்தாள். மலைக்குப் போகும் வண்டிகள் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஒவ்வொரு முறையும் உள்ளேயிருந்து மேடம், "யாரு?" என்றார். மதியம் தாண்டியும் யாரும் வரவில்லை.

"சரி, நீ வா. ஜன்னல்கிட்ட வெளிச்சத்துல நில்லு" என்றார் மேடம்.

அவர் போய் நின்றார். மேடம் அவர் தாடையைப் பிடித்து, இலையைத் திருப்பிப் பார்ப்பதுபோல் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். இருந்த ஒரு கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்தார்.

"வேதாச்சலம்னுதானே சொன்ன? கடைசி பெஞ்சாப்பா நீ?"

மூன்று வருடமும் அவர் முதல் பெஞ்சில், மேடத்தின் மேசைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவர்.

"ஆமாம் மேடம்."

"அதான் மொகம் பிடிபடல." மேடம் கையை எடுத்துக்கொண்டார். "வேற யாராவது வருவாங்களா?"

"வருவாங்க மேடம். பஸ்ஸு கெடச்சிருக்காது."

அதே நேரம் வாசலில் ஹரிதா நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியிருந்தாள். அந்தச் சத்தம் உள்ளே நன்றாகவே கேட்டது.