முட்டைக்குத் தடை போட்ட தேவகியக்கா

கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் மில் ஒன்றின் முதலுதவி அறையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தீக்காயம், கண்ணில் தூசி, திங்கட்கிழமை வயிற்றுவலி, இவைதான் என் பிழைப்பு. மூளை விவகாரமெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் பாடு என்று இருந்தேன். அதுவும் ஒருநாள் ஸ்ட்ரெச்சரில் வந்து சேர்ந்தது.

வந்தவன் சேகர். தினமும் ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றுகிறவன், பட்டப்பகலில் வேலை நடுவே மயங்கி விழுந்துவிட்டான்.

"காலைல நாஷ்டா இன்னா துன்ன?" என்றேன்.

"கஞ்சி, ஊறுகா."

"நேத்து?"

"அதே கஞ்சி, அதே ஊறுகா. ஊட்ல முட்ட, பருப்பு, பாலு, கறி எல்லாம் கட் சிஸ்டர். என் புரோட்டீன் பவுடர் டப்பாவக்கூட அம்மா பீரோல வெச்சிப் பூட்டிச்சு. நைனாவுக்கு மூளைல புரோட்டீனு சேந்துகினு இருக்குதாம். ஒரே பேஜாரு."

அவன் அப்பா ஏழுமலை எங்கள் மில்லில் ஃபோர்மேனாக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு மறதி நோய் பிடித்துக்கொண்டது. மூளை செல்களில் புரோட்டீன் தவறாக மடிந்து, சிக்குப் பிடித்துத் தேங்குகிறது என்று சென்னை டாக்டர் விளக்கியிருக்கிறார். சேகரின் அம்மா தேவகியக்கா அதை மிகக் கவனமாகக் கேட்டிருக்கிறார். அதுதான் வம்பாகிவிட்டது.

ஷிஃப்ட் முடிந்ததும் சேகரோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஃபோர்மேனைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. மறதி போதாதென்று பட்டினி வேறு.

"அக்கா, அந்தப் புரோட்டீனு முட்டைலேர்ந்து மூளைக்குப் போறது இல்ல. மூளை செல்லே செஞ்சிக்கறது."

"நீ சும்மா இரு சிஸ்டரு. டிவில இன்னா சொல்றான்? முட்டைல புரோட்டீனு, பருப்புல புரோட்டீனு. தெரிஞ்சே அந்தாளுக்கு நான் வெசத்தக் குடுப்பனா?"

நியாயமான கேள்வி. படித்த பாடமெல்லாம் கைவிட்டதால் மில்லைத் துணைக்கு அழைத்தேன். பழுக்கக் காய்ந்த கம்பி சில சமயம் தடம் மாறி எகிறி, இடியாப்பம் பிழிந்த மாதிரி சுருண்டு விழும். அதற்குக் காபிள் என்று பெயர். அதை வெட்டி எடுக்கும்வரை லைன் படுத்துவிடும். ஃபோர்மேன் பெண்டாட்டிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"காபிள் வுழுந்தா இரும்பு மேலயா குத்தம்? அதே இரும்புலதான நேத்து நல்ல கம்பி வந்துது? போற வழில சுருண்டுகினு நிக்குது. இதுவும் அப்டித்தான்க்கா. செல்லுக்கு உள்ள ஒரு காபிளு, வெளிய ஒரு காபிளு."

"அப்ப கேஸ் கட்டர் வெச்சி வெட்டிட வேண்டியதுதான?"

"முழுசா வெட்டி எடுக்கற கட்டரு இன்னும் வர்லக்கா."

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபோர்மேன் விருட்டென்று எழுந்தார்.

"காபிளா? லைன நிறுத்து! பசங்கள கேன்டீனுக்கு அனுப்பு. வெட்டி எடுக்க நேரமாவும், துன்னுட்டு வரட்டும். முட்ட போடச் சொல்லு!"

மில்லிலும் அவர் வழக்கம் அதுதான். காபிள் விழுந்தால், வெட்டுகிறவர்கள் தவிர மற்றவர்களைச் சாப்பிட அனுப்பிவிடுவார். வெறும் வயிற்றோடு பதறுகிறவன்தான் கையைச் சுட்டுக்கொள்வான் என்பது அவர் கட்சி.

தேவகியக்கா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு சேகரை முட்டை வாங்க விரட்டினார். நான் தலைகீழாக நின்றும் நடக்காத காரியம், ஃபோர்மேன் உத்தரவு என்றதும் நடந்துவிட்டது.

அவித்த முட்டைகளை மிளகுத்தூள் தொட்டு ரசித்துத் தின்ற ஃபோர்மேன், என் பக்கம் குனிந்து கேட்டார்: "இந்தம்மா கேன்டீனுக்குப் புதுசா? நல்லா செய்யுது. வுட்றாதீங்க."

தேவகியக்கா சிரித்தார். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் பர்மனென்ட்டுதான்யா. எங்கியும் போமாட்டேன். நீ துன்னு."

இப்போது மில்களில் நர்ஸாகச் சேரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த நோயை வேண்டுமானாலும் எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் விளக்குங்கள். ஆனால் ஆளை அனுப்பும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: "சரிக்கா, நாளைலேர்ந்து ஊட்ல இன்னா சமையலு?"