இன்ச் அக்கா வீட்டு சர்வர்

இன்ச் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவள் கண்ணும் காரணம், வாயும் காரணம். எதிரே ஒருவர் நடந்து வந்தால் போதும், அவருடைய உடம்பின் சுற்றளவு அவள் மனதில் எண்ணாக விழுந்துவிடும். அதோடு நின்றால் பரவாயில்லை. கணவரின் மேலதிகாரி முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்று, "வாங்க சார், உக்காருங்க" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "வாங்க சார், நாப்பத்திரண்டா?" என்று கேட்டுவிட்டாள். மனிதர் தன் வயதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "இல்லம்மா, அம்பத்தொண்ணு" என்றார். "சான்ஸே இல்ல சார், அவ்வளவு இருக்காது" என்று இவள் சாதிக்க, கணவர் சமையலறைக்குள் ஓடிப்போய்த் தண்ணீர் குடித்தார்.

ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் செக்கிங் பிரிவில் இருந்தவள். யாருக்கென்றே தெரியாத ஆட்களுக்கு மலை மலையாகச் சட்டை போவதைப் பார்த்து அலுத்துப்போய், முகம் தெரிந்த மனிதர்களுக்கு அவரவர் அளவில் தைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் வேலையை விட்டாள். வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டும் மேஜை, சுவரில் ஆளுயரக் கண்ணாடி. விளம்பரம் என்று ஒரு பலகைகூட மாட்டவில்லை. "அவகிட்ட குடுத்தா பிடிக்கவோ பிரிக்கவோ மறுபடி போக வேண்டாம்" என்று ஒருத்தி சொல்ல, அடுத்தவள் வந்தாள்.

துணியில் கத்தரி வைப்பதற்கு முன் காகிதத்தில் வெட்டிக்கொள்கிற பேட்டர்னை அவள் கணினியில் வரைவாள். பிரிண்டரில் பக்கம் பக்கமாக எடுத்து ஒட்டிச் சேர்த்தால், வாடிக்கையாளரின் முன்பாதியும் பின்பாதியும் மேஜை மேல் படுத்திருக்கும். ஒரே தொல்லை, பிரிண்டர் மாடியில் மகளின் அறையில், அங்கிருந்த பெரிய கணினியோடு ஒயரில் கட்டுண்டு கிடந்தது. துணிப்பஞ்சு பறக்கிற முன்னறையில் அதைக் கொண்டுவந்து வைத்தால் நாலு நாளில் மூச்சு முட்டிப் படுத்துவிடும். எனவே பென்டிரைவைக் கையில் பிடித்துக்கொண்டு அவள்தான் படியேறுவாள். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் ஒரு வார்த்தை சொல்லும். அது நல்ல வார்த்தையாக இருக்காது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் நோகாமல் மேலே ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பவர். சொந்த வீட்டில் பெண்டாட்டி முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறுவது அவருக்குத் தன்மானப் பிரச்சினையாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரை ஓரத்தில் விரிசல் விட்டு மூலையில் கிடந்த பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்தார்.

"என்னங்க பண்ணப்போறீங்க?"

"பிரிண்ட் சர்வர்."

"அப்படின்னா?"

"பிரிண்டர மாடிப்படிக்குக் கீழ கொண்டுவந்து வெச்சுடுறேன். அங்க பஞ்சு வராது. இந்த லேப்டாப்ப அதோட கோத்துடுவேன். நீ முன்னறையில இருந்து பட்டனத் தட்டினா, வை-ஃபையில இது வாங்கிக்கும். வரிசையில நிக்க வெச்சு ஒண்ணொண்ணா பிரிண்டருக்கு ஊட்டும். நீ ஏறவே வேணாம்."

அன்று முழுக்க அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அந்த லேப்டாப்பைக் கெஞ்சினார், மிரட்டினார், ஒருமுறை செல்லமாகத் தட்டியும் பார்த்தார். பிரிண்டர் கடைசியில் ஒரு சோதனைப் பக்கத்தைத் துப்பியது. ஓரத்தில் ஒரு வரி மட்டும் வெட்டுப்பட்டிருந்தது. அவர் எதையோ தேடிப்பிடித்து ஒரு டிக் போட்டார். அடுத்த பக்கம் முழுசாக வந்தது. மனிதருக்கு வாயெல்லாம் பல். மகள் மாடியிலிருந்து தலையை நீட்டி, "சர்வர்! சூடா ரெண்டு பக்கம்!" என்று ஹோட்டலில் கூப்பிடுவதைப் போலக் கூவினாள். அவரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எடுத்துப்போய்க் கொடுத்தார்.

இன்ச் அக்காவுக்கு அது பெரிய சுகமாக இருந்தது. ஒருநாள் மகளின் கல்லூரிப் பாடம் இவள் பேட்டர்னுக்கு நடுவே வந்து விழுந்ததையும், பேச்சு சுவாரசியத்தில் அதையும் சேர்த்து ஒட்டி, தேய்மானத்தைப் பற்றிய ஒரு பத்தியைச் சட்டைக்கையாக வெட்டப்போனதையும் தவிர, வேறு குறை எதுவும் இல்லை. முழங்கால் வாயை மூடிக்கொண்டது. கணவரை நினைத்தால் உண்மையாகவே மனசு நிறைந்தது. அதை வாய்விட்டும் சொன்னாள். அவர் ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தார்.

பிறகுதான் ஊர் குண்டாக ஆரம்பித்தது.

முதலில் எதிர்வீட்டு அக்கா. புது டாப்ஸைப் போட்டுப் பார்த்துவிட்டு, கண்ணாடியின் முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உன்மேல குத்தமில்லம்மா இன்ச்சு. நான்தான் ஏறிட்டேன். ஆபீஸ்ல ஒக்காந்தே கெடக்கிறேன்ல?" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, மறுநாளே நடைப்பயிற்சி தொடங்கினாள். அடுத்து மருந்துக்கடைக்காரர். அவர் இரவு உணவைக் குறைத்தார். மூன்றாவதாக வந்த டீச்சர் லிஃப்ட்டைத் துறந்து படியேற ஆரம்பித்தாள். யாரும் தையலைக் குறை சொல்லவில்லை. இன்ச் அக்கா தைத்தால் தப்பாகாது என்பது அந்தத் தெருவில் அவ்வளவு உறுதி. ஹேங்கரில் மாட்டிப் பார்த்தாலும் ஒரு குறையும் தெரியாது. கழுத்து, கை, இடுப்பு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி லட்சணமாகத்தான் இருந்தது. அவளும் எல்லோருக்கும் தையலைக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்துவிட்டு, உலகமே சாப்பாட்டில் கட்டுப்பாடில்லாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெரு மருத்துவமனையின் தலைமை நர்ஸ் வந்தார். அங்கிருக்கும் நர்ஸ்கள் அத்தனை பேருக்கும் சீருடை தைக்க வேண்டும். முதலில் மாதிரிக்கு, அவரையும் சேர்த்து மூன்று பேருக்கு ஒவ்வொரு செட். பிடித்திருந்தால் மொத்தமும் இவளுக்குத்தான். வீட்டில் தைக்க ஆரம்பித்த பிறகு வந்த முதல் பெரிய வேலை. மூன்று பேரையும் நேரில் நிறுத்தி அளவெடுத்து, ஒரே வாரத்தில் தைத்துக் கொண்டுபோனாள்.

தலைமை நர்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு கையை முன்னால் நீட்டினார். முதுகில் இழுத்துப் பிடித்தது. மற்ற இரண்டு பேருக்கும் அதே கதை.

"போன வாரம்தானே அளவெடுத்தீங்க? ஒரே வாரத்துல மூணு பேருமா குண்டாகிட்டோம்?"

இன்ச் அக்கா சட்டையைக் கழற்றித் தரச் சொல்லி மேஜையில் விரித்தாள். டேப்பை வைத்துப் பார்த்தாள். நாற்பது இருக்க வேண்டிய சட்டை முப்பத்தெட்டே முக்கால்தான் இருந்தது.

"உங்களப் பத்தி நல்லவிதமா கேள்விப்பட்டுத்தான் வந்தேன். திங்கட்கிழமைக்குள்ள சரியா ஒரு செட் கொண்டுவாங்க. இல்லன்னா நாங்க ரெடிமேடா வாங்கிக்கிறோம்" என்றார் நர்ஸ். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் பரிதாபப்பட்டுச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி ஒரு சட்டை வெட்டித் தைத்தாள். அதே முப்பத்தெட்டே முக்கால். அவள் அப்போதுதான் மூக்குக்கண்ணாடி போட ஆரம்பித்திருந்தாள். கண் போய்விட்டது, கோடு தப்பி உள்ளே உள்ளே தைக்கிறோம், ஒவ்வொரு தையலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது என்று முடிவுகட்டினாள். பேட்டர்ன்மேல் டேப்பை வைத்துப் பார்க்கலாம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. மாடியிலிருந்து எடுத்த காலத்தில் அது ஒருநாளும் பிசகியதில்லை. அன்றிலிருந்து தெருவில் எதிரே வருகிறவர்களைப் பார்த்தால் எண் எதுவும் விழவில்லை. விழுந்தாலும் அவள் நம்பத் தயாராக இல்லை. இன்ச் அக்காவுக்கே அளவு தப்பினால் அப்புறம் அவள் யார்? யாருக்கும் தெரியாமல் பழைய தொழிற்சாலைக்குப் போன் போட்டாள். "உங்க டேபிள் அப்படியேதான் இருக்கு, எப்ப வேணும்னாலும் வாங்க" என்றார்கள். செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு சமைக்கப் போனாள்.

சனிக்கிழமை கணவர் சர்வருக்கு ஒரு ஷெல்ஃப் மாட்டக் கிளம்பினார். இவ்வளவு உழைக்கிற சர்வர் தரையில் கிடக்கலாமா என்பது அவர் வாதம். சுவரில் எங்கே துளை போட வேண்டும் என்று காட்டும் தாளை ஷெல்ஃப் கம்பெனியே இணையத்தில் போட்டிருந்தது. அதை நம் சர்வரிலேயே பிரிண்ட் எடுத்தார். "அளவெடுக்கிற வேலையே இல்ல. ஒட்டு, துளைபோடு, மாட்டு. அவ்வளவுதான்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு துளையிட்டார். மாட்டப் போனால் ஒரு பக்கம் நுழைந்தது, மறுபக்கம் நுழையவில்லை. திருப்பிப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், சுவரை முறைத்துப் பார்த்தார்.

"ஷெல்ஃப் பண்ணினவனுக்குக் கண்ணு தெரியல போல!"

அந்த வார்த்தை முன்னறையில் இருந்தவளுக்குச் சுருக்கென்று குத்தியது. எழுந்து வந்தாள். கழுத்தில் எப்போதும் தொங்குகிற டேப்பை எடுத்து ஷெல்ஃபில் வைத்தாள். ஓட்டைக்கு ஓட்டை இருபத்துநாலு இன்ச். தாளிலும் இருபத்துநாலு என்றுதான் அச்சாகியிருந்தது. சுவரில் வைத்தாள். இருபத்துமூன்றேகால்.

இருபத்துநாலுக்கு முக்கால் இன்ச் போனால், நாற்பதுக்கு?

டேப்போடு அப்படியே முன்னறைக்குத் திரும்பி ஓடினாள். முழங்கால் கத்தியது காதில் விழவில்லை. தலைமை நர்ஸின் பேட்டர்னை விரித்து அளந்தாள். இருபது இருக்க வேண்டிய முன்பாதி பத்தொன்பதரையைக்கூடத் தொடவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சுருங்கியிருந்ததால் ஒட்டும்போது கோடுகள் அழகாகச் சேர்ந்துகொண்டன. அதனால்தான் இத்தனை நாளும் பிடிபடவில்லை.

"என்னங்க! அன்னைக்கு ஓரம் வெட்டுப்படுதுன்னு ஒரு டிக் போட்டீங்களே, என்ன டிக் அது?"

"அதுவா? 'பக்கத்துக்குள் அடக்கு'ன்னு இருந்துச்சு. அடக்கினேன்."

"நல்லா அடக்கினீங்க! என் பேட்டர்னயும் சேத்து அடக்கிட்டீங்க!"

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகளுக்கு உடனே புரிந்துவிட்டது. "ஐயோ அப்பா! ஒரு தெருவையே பட்டினி போட்டுட்டீங்களேப்பா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இன்ச் அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கீழ்ப்படியில் உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. தொழிற்சாலைக்குப் போன் போட்டது, செவ்வாய்க்கிழமை போவதாகச் சொன்னது, எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னாள்.

கணவர் முகம் சுண்டிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? சர்வர்ல ஏதாவது கோளாறான்னு?"

"தோணலைங்க. என் முட்டி வலிக்குதேன்னு நீங்க பாத்துப் பாத்துப் பண்ணினது. அது தப்பா இருக்கும்னு எனக்கு எப்படித் தோணும்? என் கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன்."

 அவர் எழுந்துபோய் அந்த டிக்கை எடுத்தார். ஷெல்ஃப் தாளை மறுபடி அச்சடித்து, வாத்தியாரிடம் கணக்கைக் காட்டுகிற பையனைப் போல அவள் கையில் கொடுத்தார். டேப்பை வைத்தாள். இருபத்துநாலு.

திங்கட்கிழமை தலைமை நர்ஸ் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சும்மா கண்ணாடி முன் நிற்கவில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டி எடுத்தார். குனிந்து கட்டிலுக்கடியில் கிடந்த செருப்பை எடுத்தார். கூட வந்த நர்ஸை நாற்காலியில் உட்காரவைத்து, தூக்கி நிறுத்திக்கூடப் பார்த்தார். எங்கேயும் பிடிக்கவில்லை.

"மத்தவங்களுக்கு அளவெடுக்க எப்ப வர்றீங்க?" என்றார்.

தொழிற்சாலைக்கு வரவில்லை என்று வழியிலேயே போனில் சொல்லிவிட்டாள். ஆனால் இன்னொரு கடன் பாக்கியிருந்தது. எதிர்வீட்டு அக்காவை வரச்சொல்லி, டிக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"நீங்க ஏறவே இல்லக்கா. டாப்ஸ்தான் சின்னது."

எதிர்வீட்டு அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "அடிப்பாவி! அப்ப நான் விடிகாலையில எந்திரிச்சு, நாய் துரத்தத் துரத்த நடந்ததெல்லாம்?"

"மன்னிச்சுக்குங்கக்கா. சரியான அளவுல புதுசு தெச்சுத் தர்றேன்."

"சரியான அளவு போன தடவ எடுத்ததுதானே? அது இப்ப எனக்கு எதுக்கு?" என்று அவள் உடுத்தியிருந்த டாப்ஸைப் பக்கவாட்டில் பிடித்து இழுத்துக் காட்டினாள். பிரித்துக் கொடுத்த அதே டாப்ஸ்தான். கை கொள்கிற அளவுக்குத் துணி மிச்சமிருந்தது. "பிரிச்சதெல்லாம் திரும்பப் பிடிச்சுக் குடு. வீட்டுல மட்டும் இந்தக் கதையச் சொல்லிடாத. அவரும் என்னப் பாத்து இப்பத்தான் நடக்க ஆரம்பிச்சிருக்காரு."

இன்ச் அக்கா அவளைத் திருப்பி நிறுத்தினாள். டேப்பைக் கழுத்திலிருந்து எடுப்பதற்கு முன்பே, கண்மேல் நம்பிக்கை போனதற்குப் பிறகு முதன்முறையாக, மனதில் எண் விழுந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினாள். அவள் வாய் தயங்கவில்லை.

"முப்பத்தேழரை."

பிறகுதான் டேப்பைச் சுற்றினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு முறையும் பார்த்தாள். முப்பத்தேழரைதான்.

மாடிப்படிக்குக் கீழே, சரியான துளைகளில் ஷெல்ஃபை மாட்டிக்கொண்டிருந்த கணவர் தலையை நீட்டினார். "அப்படியே எனக்கும் எவ்வளவுன்னு சொல்லேன்!"

"உங்களுக்கு ஏறியிருக்கு."

"டேப் வெச்சுக்கூடப் பாக்காம எப்படிச் சொல்ற?"

"டேப் எதுக்கு?" என்றாள் இன்ச் அக்கா. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள்.