போடியிலிருந்து வந்த தாக்குதல்

2007 செப்டம்பர் 12, புதன்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்தேன். குழாயில் தண்ணீர் வருகிற நாள். குடங்களை நிரப்பி வைத்தேன். ஏழு மணி வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்குத் தட்டச்சுப் பாடம் கொடுத்தேன். இரண்டு இயந்திரங்களுக்கு ரிப்பன் மாற்றினேன். மதியத்துக்கு எலுமிச்சைச் சாதம் கிளறி, பதினோரு மணிக்கே சாப்பிட்டுவிட்டேன். அன்று ஏலக்காய் ஏலம். ஏலம் தொடங்கிவிட்டால் என்னால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது.

போடி கடைவீதியை ஒட்டிய சந்தில், எங்கள் வீட்டு மாடியில், தட்டச்சுப் பயிலகம் நடத்திவந்தேன். முன்னறையில் தட்டச்சு இயந்திரங்கள். பின்னறையில் மூன்று கம்ப்யூட்டர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகப் புத்தகம் வாங்கிப் படித்து, நாற்பது வயதுக்கு மேல் புரோகிராம் எழுதக் கற்றவள் நான். அப்படி நான் எழுதிய முதல் உருப்படியான புரோகிராம், ஏல விலையை இணையத்தில் காட்டும் பக்கம். வியாபாரிகள் சங்கத்துக்காக எழுதியது. ஏலக்கூடத்தில் ஒவ்வொரு குவியலுக்கும் விலை முடிந்ததும் சங்கத்து எழுத்தர் எனக்குப் போன் செய்வார். நான் விலையைத் தட்டி ஏற்றுவேன். மலைமேல் வண்டன்மேட்டிலும் குமுளியிலும் இருக்கும் தோட்டக்காரர்கள் அங்கிருந்தே பார்த்துக்கொள்வார்கள்.

பக்கத்தின் தலையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி ஓடும்: "இது சோதனை ஓட்டம். இதை நம்பி வியாபாரம் செய்ய வேண்டாம்." சங்கச் செயலாளர் போடச்சொன்ன வரி அது. ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கும்போது எனக்கு உறுத்தும்.

ஆகஸ்டு கடைசியில் நடந்த ஏலத்தில் அந்தப் பக்கம் பாதியில் நின்றுபோனது. ஏலம் சூடுபிடித்த நேரம். செயலாளர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"என்ன டீச்சர், உங்க பக்கம் படுத்துருச்சு? நம்மாளுக கத்துறாக. கோயமுத்தூர்க் கம்பெனிக்காரக நேத்துத்தேன் வந்து, சாப்பாடு போட்டு, எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிறோம்னு சொல்லிட்டுப் போனாக."

"ஒரு தடவதான நின்னுருக்கு?"

"ஏலத்தன்னைக்கு நின்னா ஒரு தடவையே போதும் டீச்சர். செப்டம்பர் பன்னெண்டு ஏலம் வரைக்கும் பாக்குறேன். நின்னு வேல செஞ்சா உங்களுது. இல்லைன்னா அவுகளுது. எம்மேல வருத்தப்படாதீக."

அவர் போனபின் சென்னையில் இருக்கும் தங்கைக்குப் போன் செய்து, பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

"நல்லாத்தேன் தெரியுது. நாப்பதாம் நம்பர் வரைக்கும் வெல போட்டுருக்கு. ஏன்க்கா, கண்ணாடிய மாட்டாம பாக்குறியா?"

போடியில் திறக்காத பக்கம் சென்னையில் திறக்கிறது. அப்படியானால் சர்வர் சாகவில்லை. எங்கள் ஊரைத்தான் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியிருக்கிறது. பக்கத்தை வைக்கச் சர்வரில் வாடகைக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். மறுநாள் பதில் வந்தது: உங்கள் ஊரிலிருந்து யாரோ எங்கள் சர்வரைத் தாக்கினார்கள், உங்கள் பாதுகாப்புக்காக, தாக்குதல் வந்த இணைய முகவரியைத் தடைசெய்துவிட்டோம்.

லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலை பார்க்கும் என் கணவர் அன்று விடுப்பில் வீட்டில் இருந்தார். கடிதத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"தாக்குதலா? நம்மூர்க்காரகளா? ரெண்டு டீ குடிக்காம இவுக சண்டைக்கே போகமாட்டாகளே!"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த ஏலத்தன்று, விலை ஏற்றும் வேலையைக் கொஞ்ச நேரம் மூத்த மாணவி ஒருத்தியிடம் விட்டுவிட்டு, ஏலக்கூடத்துக்கு எதிரே இருக்கும் பிரவுசிங் சென்டரில் போய் நின்று பார்த்தேன். உண்மையிலேயே அது தாக்குதல்தான். கம்ப்யூட்டர் வைத்த எல்லாத் தடுப்பிலும், முதலாளிக்கு விலை சொல்லக் காத்திருக்கும் வியாபாரிகளின் ஆட்கள். கூடத்தில் குரல் உயர்வது அங்கே கேட்கும். கேட்ட உடனே அத்தனை பேரும் பக்கத்தைப் புதுப்பிக்கும் பொத்தானை அமுக்குவார்கள். ஒருமுறை அமுக்கிவிட்டுக் காத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை. ஏலத்தில் விரல் தூக்கிப் பழகிய கை. அடுத்தவன் முந்திவிடுவான் என்ற பயத்தில் அமுக்கிக்கொண்டே இருந்தது. அந்த அறையின் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து இணையத்தில் ஒரே ஒரு முகவரி. எங்கோ இருக்கும் சர்வருக்கு, ஒரே ஆள் வெறிபிடித்துக் கதவைத் தட்டுவதுபோல் தெரிந்திருக்கும்.

"கொஞ்சம் மெதுவா அமுக்கக் கூடாதா?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"மெதுவா அமுக்குனா மெதுவாத்தேன டீச்சர் வரும்?" என்றார்.

இவர்களை மாற்ற முடியாது என்று அங்கேயே முடிவு செய்தேன். மாற்ற வேண்டியது சர்வரை.

முதலில் புரோகிராமைத் திருத்தினேன். யாராவது பக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் விலைகளைத் தேடி அடுக்குவதற்குப் பதிலாக, நான் விலை ஏற்றும்போது ஒரே ஒருமுறை பக்கத்தைத் தயாரித்து வைத்துவிடும்படி மாற்றினேன். பிறகு பக்கத்தை வைக்க வேறு சர்வரில் இடம் தேடினேன். எல்லா நிறுவனங்களின் விளம்பரமும் ஒரே மாதிரி இருந்தது: வேகம், பாதுகாப்பு, ஆண்டு முழுவதும் தடையில்லாச் சேவை. ஏலக்காய் வாங்குகிறவர்கள் மூட்டையின் வாயில் கிடக்கும் காயைப் பார்த்து விலை சொல்வதில்லை. கையை முழங்கைவரை உள்ளே விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார்கள். நானும் அப்படியே செய்தேன். ஐந்து நிறுவனங்களுக்கு ஒரே கேள்வியை அனுப்பினேன்: ஒரே அறையிலிருந்து, ஒரே முகவரியிலிருந்து, ஏல நேரம் முழுவதும் ஆட்கள் ஓயாமல் பக்கத்தைப் புதுப்பிப்பார்கள். அப்போது என்ன செய்வீர்கள்?

இரண்டு இடத்திலிருந்து பதிலே இல்லை. ஒன்றிலிருந்து, கேட்டதற்கு நன்றி என்ற அச்சடித்த வாசகம் மட்டும் வந்தது. இன்னொன்று, இதைவிட விலை கூடிய திட்டத்துக்கு மாறச் சொன்னது. ஐந்தாவது, சென்னையில் இருந்த சிறிய நிறுவனம். அவர்கள் பதில் சொல்லவில்லை, கேள்வி கேட்டார்கள். அந்த அறையின் முகவரி என்ன? ஏலம் எவ்வளவு நேரம் நடக்கும்? முன்பு எந்த நேரத்தில் நின்றது? படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதே சர்வரில் இருக்கும் வேறு சில பக்கங்களின் முகவரிகளையும் கேட்டு வாங்கினேன். காலையிலும் மதியத்திலும் அவற்றைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுகூட மக்கர் செய்யவில்லை.

அப்போதும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பக்கத்தின் நகல் ஒன்றை மட்டும் அவர்கள் சர்வரில் ஏற்றினேன். ஏலத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பிரவுசிங் சென்டரை ஒரு மணி நேரத்துக்குப் பிடித்து, என் தட்டச்சு மாணவிகளை எல்லாத் தடுப்பிலும் உட்காரவைத்தேன். வேறு எதுவும் செய்ய வேண்டாம், புதுப்பிக்கும் பொத்தானை மட்டும் அமுக்கிக்கொண்டே இருங்கள் என்றேன்.

"இதுக்கு மார்க்கு உண்டா டீச்சர்?"

"உண்டு. வேகத்துக்கு."

எங்கள் பிள்ளைகளின் விரல் வேகம் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அறையே மழை பெய்வதுபோல் சத்தம் போட்டது. கொஞ்ச நேரத்தில் ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"டீச்சர், வெள்ளையாப் போச்சு."

அடுத்தடுத்து எல்லாத் திரைகளும் வெள்ளையாகின. அதற்குள் என் கைப்பேசி அடித்தது. சென்னை நிறுவனத்தின் பொறுப்பாளர்.

"மேடம், பாத்துட்டேன். ஒரே முகவரியிலேர்ந்து ரொம்பத் தட்டினா தானா விழுற பூட்டு ஒண்ணு வச்சிருந்தோம், அது விழுந்திருச்சு. உங்க ரூம் முகவரிய அதுலேர்ந்து எடுத்துட்டேன். நிறுத்தாதீங்க, இன்னும் நல்லா அடிக்கச் சொல்லுங்க."

பிள்ளைகள் மறுபடி அடித்தார்கள். பக்கம் வந்தது. விரல் வலிக்குமட்டும் அடித்தார்கள். பக்கம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, நான் சொல்வதற்கு முன்பே, அந்த மனிதர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அன்றே பக்கத்தை அங்கே மாற்றினேன்.

புதன்கிழமை ஏலம் தொடங்கியதும் எழுத்தர் விலை சொல்லச் சொல்லத் தட்டினேன். நாற்பதாம் குவியல் தாண்டியது. ஆகஸ்டில் நின்ற இடம் அது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். அன்றும் விடுப்பு எடுத்திருந்த என் கணவர் ஜன்னல் ஓரமாக நின்று பிரவுசிங் சென்டர் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தத்தக் காணோமே. எல்லாரும் செத்துட்டாகளா?"

"பக்கம் வருதுன்னா ஏன் கத்தப்போறாக? சும்மா இருங்க."

கடைசிக் குவியலாகத்தான் உயர்ந்த ரகக் காய் வந்தது. விலை ஏறிக்கொண்டே போனது. எழுத்தரின் குரலே உடைந்தது. நான் தட்டி ஏற்றிய மறுநொடி, வண்டன்மேட்டிலிருந்து ஒரு தோட்டக்காரர் பயிலகத்துப் போனில் கூப்பிட்டார்.

"டீச்சரே, என்றெ காயா அது? இவிடெ நல்லவண்ணம் காணாம்!"

அங்கே நன்றாகத் தெரிகிறதாம், மலையாளத்தில் கத்தினார். அவருடைய காய்தான். மலைமேல் இருந்தபடியே தன் காய் விற்றதை அந்த நொடியில் பார்த்துவிட்டார்.

ஏலம் முடிந்து செயலாளர் வந்தார். இந்தமுறை நிதானமாகப் படியேறினார். கையில் பொட்டலம்; பிரித்தால் பச்சை மாறாத பெரிய பெரிய ஏலக்காய்.

"நான் அங்கன போயி ஒவ்வொரு தடுப்பா எட்டிப் பாத்தேன் டீச்சர். நம்மாளுக அமுக்குற அமுக்குல பொத்தானுதேன் தேஞ்சு போகும் போல. பக்கம் அசையல."

"கோயமுத்தூர்க்காரக?"

"அவுக இன்னொரு தடவ சாப்பாடு போடட்டும், சாப்பிட்டுட்டு வாரேன். வேல உங்களுதுதேன்." படியிறங்கப் போனவர் திரும்பினார். "அந்தச் சிவப்பு வரி எதுக்கு இன்னும்? எடுத்துருங்க."

உடனே எடுத்திருக்கலாம். ஆனால் மாலை வகுப்புப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அவசரத்தில் செய்ய எனக்கு மனமில்லை. அன்று டீயில் இரண்டு ஏலக்காய் தட்டிப் போட்டேன்.

வியாழக்கிழமை காலை எழுந்ததும், பால் அடுப்பில் ஏறுவதற்கு முன், பின்னறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். கோப்பைத் திறந்து அந்தச் சிவப்பு வரியை அழித்து, சென்னை சர்வருக்கு ஏற்றினேன். பிறகு நானும் புதுப்பிக்கும் பொத்தானை அமுக்கினேன், ஒரு தடவைக்கு நாலு தடவையாக.