சிரிக்கும்போது மட்டும் வெள்ளை

வீட்டில் அவருக்குப் பெயர் கலர் மாப்பிள்ளை. கல்யாண வீடியோக்களுக்கு நிறம் சரிசெய்வது பிழைப்பு. மாமனார் அதை ஒரு வேலையாகவே ஒத்துக்கொண்டதில்லை. "கடவுள் போட்ட கலர் போதாதாம், இவர் தனியா போடுறாராம்" என்பார், காதுபடவே. அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட மாட்டோமா என்று மாப்பிள்ளைக்கு வெகுநாள் ஏக்கம்.

கொழுந்தியாள் கல்யாணத்தில் அதற்கு வழி பிறந்தது. போட்டோ எடுத்தவன் மச்சான். அந்தப் படங்களின் நிறத்தில் சொந்தபந்தமே சொக்கிக் கிடந்தது. "வீடியோவும் இதே மாதிரி இருக்கணும்" என்று மாமனார் உத்தரவு போட்டார்.

மச்சான் போட்டோவுக்கு வைத்திருந்த பிரீசெட், அதாவது ஒரே சொடுக்கில் நிறம் மாற்றும் தயார் அமைப்பு, வீடியோவில் வேலைக்காகாது. அதை 'லட்' ஆக மாற்ற வேண்டும். இந்த நிறம் வந்தால் அந்த நிறமாக்கு என்று சொல்லும் பட்டியல் அது. எல்லா நிறங்களையும் கட்டம் கட்டமாக அடுக்கிய ஒரு படத்துக்கு பிரீசெட்டைப் போட்டு, எந்தக் கட்டம் எப்படி மாறியது என்று பார்த்தால் பட்டியல் தயார்.

மச்சானுக்கோ எந்தப் படமானாலும் ஓரங்களை இருட்டடிக்கும் வியாதி. அதையும் பிரீசெட்டிலேயே வைத்திருந்தான். மாப்பிள்ளை அதை அணைக்க மறந்தார். கட்டப்படத்தின் கடைசி மூலையில் குடியிருந்தது சுத்த வெள்ளை. மூலை இருண்டது. வெள்ளை என்றால் கருப்பு என்று பட்டியலும் மனப்பாடம் செய்துகொண்டது.

வீடியோவில் மேஜைவிரிப்புகள் கரியாயின. மாமனாரின் பஞ்சுத் தலை கன்னங்கரேலென்று மின்னியது. மாப்பிள்ளை பதறி நிறுத்துவதற்குள் முதுகுக்குப் பின்னால் குரல்.

"யாரு இது?"

"நீங்கதான் மாமா. சின்னத் தப்பு, இப்ப சரி பண்ணி..."

"தப்பா? கையை எடுங்க!" மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இத்தனை நாள் உங்க அருமை எனக்குத் தெரியல மாப்ள."

வந்துவிட்டது வார்த்தை. அந்த நேரம் பார்த்துத் திரையிலிருந்த மாமனார் சிரித்தார். வாய்க்குள் பாழுங்கிணறு.

"பல்லை மட்டும் வெளுத்துடுங்க."

"அதுக்குப் பல்லு எது, முடி எதுன்னு தெரியாது மாமா. ரெண்டும் வெள்ளை, அவ்வளவுதான்."

"அப்ப சிரிப்பை வெட்டிடுங்க."

அடுக்களையிலிருந்து கரண்டியோடு மனைவி வந்தாள். "அப்பா சிரிச்சு நான் பாத்தது அந்த ஒரு தடவைதான். அதுல கை வச்சீங்க, சோறு கிடையாது."

தலையை மட்டும் தனியே பிரித்து நிறம் போட வழியுண்டு. ஆனால் கல்யாணம் முழுக்கக் குறை தேடித் திரும்பித் திரும்பிப் பார்த்ததில், மாமனாரின் தலை எந்தக் காட்சியிலும் ஓரிடத்தில் நின்றதில்லை. பட்டியலைத் தூக்கியெறிந்தால் கிடைத்த பாராட்டு போச்சு. மாப்பிள்ளை யோசித்து, சிரிக்கிற காட்சிக்கு மட்டும் பட்டியலைக் கழற்றினார்.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். கருந்தலையோடு மாமனார் விருந்தினரை வரவேற்றார், பந்தியில் அதட்டினார். மகள் அவர் காதில் ஏதோ சொல்ல, சிரித்தார். அந்தக் கணமே தலை முழுக்க நரைத்தது. வாயை மூடினார், மறுபடி கருப்பு.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். மாமனாரின் தங்கைதான் கேட்டாள்: "என்ன அண்ணா, சிரிச்சதும் பொசுக்குன்னு கிழவனாயிட்டீங்க?"

மாமனார் மருமகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பஞ்சுத் தலையை மெல்லத் தடவிக்கொண்டு சொன்னார்:

"இதுக்குத்தான் நான் சிரிக்கிறதே இல்ல."