அக்காவின் காலைக் கூட்டமும் முட்டை வேகவைக்கும் மணியும்

மருத்துவமனைகளுக்கு விரிப்புகள் வெளுத்துத் தரும் அந்தச் சலவைக்கூடத்தில் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்கள்கூட. மேற்பார்வையாளர் என்று எழுதிய அட்டை அவள் கழுத்தில் தொங்கியது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

காலைக் கூட்டத்தை ஆரம்பித்தவள் அவள்தான். இஸ்திரி இயந்திரத்தின் மூடி தளர்ந்துபோனதை முந்தைய ஷிப்டில் பார்த்தவர்கள் அடுத்து வந்தவர்களிடம் சொல்லாமல் போய்விட்டார்கள். மடிப்பு வேலை செய்யும் பெண்ணின் கை வெந்துபோயிற்று. அதற்குப் பிறகுதான், இயந்திரங்களை ஓடவிடுமுன் எல்லாரும் வட்டமாக நின்று, எது பழுது, எதைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தாள்.

நல்ல யோசனைதான். ஆனால் வானொலி இருந்தாரே. இஸ்திரி இயந்திரத்தை ஓட்டுபவர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாததால் வந்த பெயர். திருகாணி தளர்ந்த கதையில் தொடங்குவார், மச்சான் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளுக்குப் போவார், அங்கிருந்து அந்த மச்சானுக்குப் பெண் பார்த்த கதைக்குள் நுழைந்துவிடுவார். வெளியே விரிப்புகளை ஏற்றிப்போக வந்த முதல் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும்.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"வேன் தினமும் லேட்டாகுதும்மா. வெள்ளிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன். அன்னைக்கும் இழுத்துச்சுன்னா கூட்டத்தை நிறுத்திடலாம்."

அன்று வீட்டில் அவள் கணவன் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும், அடுப்புப் பக்கத்தில் இருந்த சின்ன டைமரை அவள் கையில் வைத்தான்.

"ஆளுக்கு ரெண்டு நிமிஷம். மணி அடிச்சா வாயை மூடணும். அவ்வளவுதான்."

"நல்லாத்தான் இருக்கு. உங்க அண்ணன் போன் பண்ணினா எதை வச்சு நிறுத்துவீங்க?"

"அவனை நிறுத்த மணி பத்தாதும்மா."

மறுநாள் வானொலி தாழ்ப்பாளைத் தொட்ட நேரத்தில் மணி அடித்தது. அடுத்த நொடி வட்டம் காலி. எல்லாரும் டிரையர்களைப் பார்த்து ஓடினார்கள். வானொலிதான் முதலில் ஓடினார். டிரையர் நின்றாலும் இதே மாதிரிதான் மணி அடிக்கும், துணியை உடனே எடுக்காவிட்டால் சுருக்கம் விழும். பழகிய கால்கள் யாரைக் கேட்கும்? ஒரு டிரையரும் ஓடவில்லை என்பது கதவைத் திறந்த பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. வேன் நேரத்துக்குப் போய்விட்டது. ஆனால் கடைசி இயந்திரத்தில் தண்ணீர் ஒழுகுவதைச் சொல்லக் காத்திருந்தவளுக்கு முறையே வரவில்லை. மதியத்துக்குள் தரை குளமாகிவிட்டது.

மணி வேண்டாம் என்று அக்கா முடிவு செய்தாள். தன் போன் டைமரில் சத்தத்தை அணைத்து, எண்கள் இறங்குவது தெரியும்படி துணி வண்டிமேல் சாய்த்து வைத்தாள். நேரம் முடிந்தால் திரை சிவப்பாகும். இப்போது ஒருவரும் ஓடவில்லை. ஆனால் ஒருவரும் கேட்கவும் இல்லை. எல்லாக் கண்களும் எண்கள்மேல்.

"நான் சொல்றதைக் கேட்காம, நான் எப்ப முடிப்பேன்னு பார்த்துட்டிருக்கீங்க" என்றார் வானொலி.

"அது எப்பவுமே அப்படித்தான் அண்ணே" என்றாள் மடிப்பு வேலை செய்யும் பெண்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வழியும் தெரிந்தது. பேசுபவர் கையிலேயே போனைக் கொடுத்துவிட்டாள். முடித்ததும் அடுத்தவரிடம் தர வேண்டும். எண்கள் பேசுபவருக்கு மட்டும்தான் தெரியும், மற்றவர்களுக்கு அவர் முகம்தான். வானொலி கதையில் மச்சான் வீட்டு வாசல்வரை போனார். குனிந்து பார்த்தார். உள்ளே போகாமல் திரும்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் வந்து நின்றார். போன் கைமாறிக் கைமாறி மளமளவென்று சுற்றி வந்தது. வேன் இன்னும் வரவில்லை. அக்கா மூச்சு விட்டாள்.

"பரவாயில்லையே. நானும் ரெண்டு வார்த்தை சொல்லிடறேன்" என்று மேனேஜர் போனை வாங்கினார். வாங்கிய கையோடு அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டினார். சுத்தம் என்றால் என்ன என்று ஆரம்பித்தார். தான் வேலைக்குச் சேர்ந்த காலத்துக்குப் போனார். அவர் சட்டைப்பை சிவப்பாக ஒளிர்ந்தது. வேன் வந்து ஹாரன் அடித்தது.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். தடுத்தால் அவருக்குக் கோபம் வரும். விட்டால் இன்றும் வேன் தாமதம், கூட்டம் போச்சு. மடிப்பு வேலைப் பெண்ணின் வெந்த கையை அவள் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"சார், உங்க நேரம் முடிஞ்சுது. பாக்கெட்டுல பாருங்க."

மேனேஜர் குனிந்து பார்த்தார். "இன்னும் ஒரே ஒரு விஷயம்மா..."

"நானும் அப்படித்தான் சார் ஆரம்பிப்பேன்" என்றார் வானொலி.

யாரோ சிரிப்பை விரிப்புக்குள் புதைத்தார்கள். மேனேஜர் போனைத் திருப்பிக் கொடுத்தார். முகம் கொஞ்சம் சிவந்திருந்தது.

"சரி. மிச்சத்தை நாளைக்குச் சொல்றேன்."

நாளைக்கு. அக்காவுக்கு அந்த ஒரு சொல் போதும்.

வாசல்வரை போன மேனேஜர் திரும்பி நின்றார். "எனக்கு மட்டும் ஒரு நிமிஷம் அதிகமாக் கிடைக்குமா?"

"என் பங்குலேருந்து கிடைக்காது சார்" என்று சொல்லிவிட்டு வானொலி இயந்திரத்தை ஓடவிட்டார்.