தூசி அளக்க வைத்த வாளி

எதை அளப்பது என்று முடிவு செய்வது, அளப்பதைவிடத் தொல்லை பிடித்த வேலை. சுற்றுச்சூழலால் மக்கள் உடம்புக்கு வரும் கெடுதலை நாடு முழுக்கக் கண்காணிக்க ஒரு வரைவுப் பட்டியல் தயாரானது. அதைச் சோதித்துப் பார்க்க என்னைக் கோலார் தங்கவயலுக்கு, அதாவது என் சொந்த ஊருக்கே, அனுப்பினார்கள். சோதனையில் தேறாதது வெளியே. தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் குவிந்த சைனைடு மேட்டிலிருந்து பறக்கும் தூசி எப்படியாவது உள்ளே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதைத் தின்று வளர்ந்தவன் நான். வீடு வீடாகக் கதவு தட்டியவர்களுக்கு மீதி புரியும்.

இருமல்

எங்கள் ஊரின் பாலகாட் பகுதியில் ஒரு பெரியவர், சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "ரெண்டு வாரமா இருமல் ஏதாவது உண்டாங்க?" என்றேன். "இல்லை" என்று சொல்ல வாயைத் திறந்தவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அவர் மனைவி தண்ணீர் கொண்டுவரும் வரை காத்திருந்து, "அப்ப உண்டுன்னு போட்டுக்கட்டுங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இருமல்னா சளி புடிச்சி வர்றது தம்பி. இது ஷாஃப்ட்ல எறங்குன எல்லாருக்கும் இருக்கறது. இதப் போயி எழுதுவாங்களா?"

வாளி

அதே ஊர் ஆண்டர்சன்பேட்டையில், சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டு மொட்டை மாடியில் ஒரு வாளி வைத்தேன். ஒரு மாதத்தில் அதற்குள் விழும் தூசியை எடை போட வேண்டும். காற்றுக் காலம்; தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நல்ல எடை வரும் என்று நம்பி மாதக் கடைசியில் மாடி ஏறினேன். வாளி பளபளவென்று கவிழ்ந்து கிடந்தது.

"தெனம் கழுவி வெச்சேன்பா. ஆபீஸ் சாமான் அவ்ளோ தூசியா கெடந்தா எங்க வீட்ட இன்னா நெனைப்பாங்க?"

கூட்டம்

பெங்களூரில், பட்டியலை முடிவு செய்யும் எங்கள் குழு கூடியது. வாளி சங்கதியைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு மாதம் கொடுங்கள் என்றேன். சிரிப்புச் சத்தத்தில் இரண்டாவது முறையும் சொல்ல வேண்டியிருந்தது. தலைவி மேடம் சிரிக்கவில்லை.

"வாளி ரொம்பியிருந்தாலும் கஷ்டம்தான்பா. எல்லா ஊருக்கும் பொதுவா இருக்கறதத்தான் கட்டாயம்னு வைக்க முடியும். உங்க மேடு உங்க ஊர்ல மட்டும்தானே இருக்கு?"

பதில்

தூசி கட்டாயப் பட்டியலில் இல்லை என்று ஆன்ட்டியிடம் நானே போய்ச் சொன்னேன். உள்ளே அவர் பேரனுக்கு இழுப்பு. மூச்சு வாசல்வரை கேட்டது. ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி வெச்சிப் பாரேன் கண்ணு. கர்த்தர் சத்தியமா கை வெக்கமாட்டேன்."

பட்டியலின் பின்னிணைப்பில் 'விரும்பினால் அளக்கலாம்' என்ற தலைப்பின்கீழ் இப்போது எங்கள் ஊர்த் தூசிக்கு ஓர் இடம் உண்டு. காற்று மட்டும் இன்னும் யாருடைய விருப்பத்தையும் கேட்க ஆரம்பிக்கவில்லை.