பெருமாளுக்கு ஏற்ற தோட்டா

பெரிய மானைச் சுட எந்தத் துப்பாக்கி ஏற்றது, அதில் எந்தத் தோட்டாவைப் போட வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். எங்கள் வீட்டில் எவரும் வேட்டைக்காரர் இல்லை. அப்பா ஒரகடம் சாலையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்தார். அம்மா கோழி அடிக்கக்கூட அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிடுவாள். எனக்குப் பாடம் சொன்னவர் என் தாய்மாமா. அவரும் எலிப்பொறியில் சிக்கிய எலியைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறவர்.

மாமா கார் ஓட்டினார். எங்கள் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய புதிது. இயந்திரங்களைப் பொருத்துவதற்காக வந்திருந்த ஓர் அமெரிக்கரைக் காலையில் சென்னை ஓட்டலிலிருந்து அழைத்து வருவதும் மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவர் வேலை. அந்த அமெரிக்கர் தம் ஊர் மலைகளில் ஆண்டுதோறும் எல்க் என்னும் மானை வேட்டையாடுகிறவர். இந்தச் செய்தியை மாமா எங்கள் வீட்டில் சொல்லியதோடு நின்றிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அவர் அதை ஊர்த் தர்மகர்த்தாவிடமும் சொன்னார்.

சொல்லக் காரணம் இருந்தது. தர்மகர்த்தாவின் மகளை மாமாவுக்குக் கேட்டிருந்தார்கள். அந்த அக்கா ஸ்ரீபெரும்புதூரில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை செய்தாள். தர்மகர்த்தா சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. “வண்டி வேற ஆளுது, டீசல் வேற ஆளுது. மாப்ளையோடது இன்னா?” என்று மட்டும் கேட்டிருந்தார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாட்டுப் பொங்கலன்று எங்கள் பெருமாள் பாரிவேட்டைக்குப் போவார். குதிரை வாகனத்தில் ஏரிக்கரை வரை பயணம். கரைமேல் வைக்கோல் மான் ஒன்று நிற்கும். கொம்பு மட்டும் அசல் கடமான் கொம்பு. பெருமாள் வந்து நின்றதும் அவர் சார்பில் தர்மகர்த்தா தம் இரட்டைக்குழல் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுடுவார். மான் விழும். கரையின் மறுபக்கச் சரிவில் ஊர்த் தலையாரி ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால்தான் அது விழும். சாமி வேட்டையை மான் பக்கத்திலிருந்து பார்ப்பது ஆகாது என்பதால் அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். வெடிச் சத்தம் காதில் விழுந்தால் இழுப்பார். விழாவிட்டால் இழுக்கமாட்டார்.

அந்த ஆண்டு தேர்தல் வந்தது. உரிமம் உள்ளவர்கள் எல்லாம் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். தர்மகர்த்தாவின் துப்பாக்கியும் போய்விட்டது. ஊரார் கூடிப் பேசினார்கள். பட்டாசு வெடித்துவிடலாம் என்று யாரோ சொன்னதும் தர்மகர்த்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“பெருமாள் வேட்டைக்குப் போறாரா, தீபாவளிக்குப் போறாரா? துப்பாக்கின்னா துப்பாக்கிதான்.”

அப்போதுதான் மாமா எழுந்து, தம் அமெரிக்கரைப் பற்றிச் சொல்லி, அவரையே வந்து சுட வைப்பதாகச் சொன்னார். தர்மகர்த்தா அவரை முதல் முறையாக ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் திரும்பி, “உன் தம்பி மொதல்ல மானை விழ வெக்கட்டும்மா. அப்பறம் தட்டு எடுத்துக்கினு வாங்க” என்றார்.

அன்றிலிருந்து காருக்குள் பாடம் தொடங்கியது. பெரிய மானுக்கு எந்தத் துப்பாக்கி நல்லது என்று மாமா கேட்டதில் அமெரிக்கருக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. அத்தனை நாளும் அவரிடம் யாரும் இயந்திரத்தைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை போலும். படப்பையில் வண்டிகள் நெரிசலில் நிற்கும் நேரமெல்லாம் அவர் விளக்குவார். மாமா மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அம்மாவிடம் ஒப்பிப்பார்.

“அந்த மான் மாட்டைவிட ஒசரம்க்கா. தோள் எலும்பு உலக்கை மாதிரி கீதாம். சாதாரணத் தோட்டா பட்டா செதறிடும். உள்ள போயும் ஒடையாம போவணும். நூத்தியெண்பது மணி எடையாவது வேணும்.”

“மணியா? இன்னாடா மணி, நெல்லா, கேவுருமா?”

“தோட்டாவை அவங்க அப்படித்தான்க்கா நிறுப்பாங்க.”

“வைக்கோல் மானுக்கு எதுக்குடா எலும்பு ஒடைக்கற தோட்டா?”

மாமா அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். மிகப் பெரிய துப்பாக்கிதான் சிறந்தது என்று நினைப்பது கற்றுக்குட்டிகளின் தவறு. அது தோளை உதைக்கும். உதைக்குப் பயந்து கண்ணை மூடுகிறவன் குறி தவறுவான். ஆகவே தான் அஞ்சாமல் சுடக்கூடிய துப்பாக்கிதான் ஒருவனுக்கு ஏற்ற துப்பாக்கி. இதை அமெரிக்கர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். எனக்கு எல்லாமே மனப்பாடம் ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டைவிட இதைத்தான் நன்றாகச் சொல்வேன்.

பொங்கல் நெருங்கியபோதுதான் மாமா கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். சாரின் துப்பாக்கி எங்கே இருக்கிறது? சார் தம் வீட்டில், பூட்டிய இரும்பு அலமாரியில் இருக்கிறது என்றார். விமானத்தில் ஏறி இறங்க வேண்டிய தூரம்.

மறுநாள் மாமா குன்றத்தூருக்குப் போய், மலையடிவாரத்தில் பலூன் சுட விடுகிறவரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவருடைய காற்றுத் துப்பாக்கியைக் கோணியில் சுற்றி எடுத்து வந்தார். பார்க்க நீளமாகவும் கறுப்பாகவும் கம்பீரமாகத்தான் இருந்தது. அம்மாவிடம் மாட்டுக்குச் சலங்கை வாங்க வந்திருந்த அந்த அக்கா, மாமா எங்கள் கொல்லையில் ஒரு முறை சுட்டுப் பார்த்தபோது பக்கத்தில் நின்றிருந்தாள். வேலி ஓணான்கூட அசையவில்லை.

“இன்னாக்கா உங்க தம்பி, கொசு அடிக்கவா?” என்று அவள் அம்மாவிடம் கேட்டாள். மாமாவைப் பார்க்கவே இல்லை.

“எடை, எலும்பு, தூரம் எல்லாம் கணக்குப் பண்ணிட்டோம்” என்றார் மாமா சுவரைப் பார்த்து.

இப்போது இதை எழுதும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அத்தனை பாடத்திலும் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அமெரிக்கர் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் துப்பாக்கியில் அது தானாகவே வந்துவிடும். எங்கள் பெருமாளுக்கோ சத்தத்தைத் தவிர வேறெதுவும் தேவையில்லை.

மாட்டுப் பொங்கலன்று ஏரிக்கரையில் ஊரே கூடியிருந்தது. அப்பா மட்டும் ஓவர்டைம் பார்க்கப் போயிருந்தார். அமெரிக்கர் தொழிற்சாலையின் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் நாட்டில் வேட்டைக்காரன் அந்த நிறம் உடுத்தாவிட்டால் இன்னொரு வேட்டைக்காரன் அவனையே மான் என்று எண்ணிச் சுட்டுவிடுவானாம். பெருமாள் வந்து நின்றார். அமெரிக்கர் செருப்பைக் கழற்றினார், வணங்கினார், துப்பாக்கியை வாங்கினார், அப்படியே தரையில் குப்புறப் படுத்தார். அவர் ஊரில் குறி பார்ப்பது அப்படித்தான். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“தொரையே நெடுஞ்சாண்கிடையா வுழுந்துட்டாரு பாரு. நம்ம ஆம்பளைங்களும் நிக்கிறாங்களே, தென்னமரமாட்டம்!”

நாலைந்து ஆண்பிள்ளைகள் வெட்கப்பட்டுத் தாங்களும் விழுந்தார்கள். பட்டர் நெகிழ்ந்துபோய்க் குனிந்து, குறி பார்த்துக்கொண்டிருந்தவர் தலையில் சடாரியை வைத்தார். முதல் குண்டு ஏரிக்குள் போயிற்று.

இரண்டாவது குண்டு மானின் தோளில் பட்டது. வைக்கோல் பறந்ததை நானே பார்த்தேன். ஆனால் எழுந்த சத்தம் ‘புஸ்’. மான் நின்றது. மூன்றாவதும் அதே தோளில், அதே ‘புஸ்’. சரிவுக்கு அப்பால் தலையாரி பொறுமையாகக் காத்திருந்திருப்பார். சுடும் திசையில் போய் அவரிடம் யார் சொல்வது?

“சாமி, தோளு எறங்குதுங்க” என்றார் வாகனம் சுமந்தவர்களில் ஒருவர்.

அமெரிக்கர் மாமாவிடம் ஏதோ முணுமுணுத்தார். தர்மகர்த்தா, “இன்னாவாம்?” என்றார்.

“கெட்டியான மானாம், சொல்றாருங்க.”

“நாம கட்டுன மானு கெட்டியா நிக்கிது. வேற இன்னா சொல்றது?” என்று தர்மகர்த்தா மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் துண்டை உதறினால் பேச்சு முடிந்தது என்று பொருள். மாமாவின் முகம் எப்படி இருந்தது என்றால், எலிப்பொறிக்குள் அவரே உட்கார்ந்திருந்ததுபோல் இருந்தது. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். அமெரிக்கர் மூச்சை அடக்கி நான்காவது முறை விசையை இழுத்தார்.

மதகுப் பக்கம் டமார் என்று ஒரு சத்தம். காக்கைகள் எல்லாம் எழுந்தன. மாடுகள் கயிற்றை இழுத்தன. மான் பொத்தென்று விழுந்தது.

மேளம் முழங்கியது. அமெரிக்கர் மட்டும் எழுந்து உட்கார்ந்து துப்பாக்கியின் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தர்மகர்த்தா அவருக்கு மாலை போட்டார். பிறகு மாமாவின் முதுகில் ஓர் அடி வைத்து, “தொர தோட்டான்னா தொர தோட்டாதான்யா! பட்ட எடத்த வுட்டு எங்கியோ தள்ளிச் சத்தம் போடுது பாரு” என்றார்.

அமளியில் நான் ஒதுங்கி மதகுப் பக்கம் போனேன். அங்கே சுவருக்குப் பின்னால் அந்த அக்கா தனியாக நின்றிருந்தாள். கையில் புகையும் ஊதுபத்தி. பாவாடை ஓரத்தில் கொஞ்சம் கரி. என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தாள். தலையிலிருந்த கனகாம்பரத்தைக் கிள்ளி எனக்கு வைத்துவிட்டாள்.

ஷிப்டு முடிந்து வந்த அப்பா என்ன நடந்தது என்று கேட்டார். நான் வரிசை பிசகாமல் சொன்னேன். துரை சுட்டார், மூன்று தடவை விழாத மான் நான்காவது தடவை விழுந்தது. கடைசியாக, “அந்த அக்காவுக்குத்தான் பக்தி ஜாஸ்திப்பா. எல்லாரும் வேடிக்கை பாக்கறப்ப மதகாண்ட தனியா ஊதுபத்தி ஏத்திக்கினு நின்னாங்க” என்றேன்.

அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். திரும்பி வந்து, “இதை வேற யாராண்டயும் சொல்லக் கூடாது” என்றாள். பக்தியை ஏன் மறைக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா நீட்டிய தின்பண்டத்துக்கு ஆசைப்பட்டுச் சரி என்றேன்.

தையிலேயே தட்டு மாற்றினார்கள். பங்குனியில் கல்யாணம். அத்தையாகிவிட்ட அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து குத்துவிளக்கை ஏற்றினாள். பிறகு ஊதுபத்தியைக் கையில் எடுத்தாள்.

“எல்லாரும் தள்ளி நில்லுங்க, ஏத்தப் போறா” என்றாள் அம்மா.

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். மாமா உத்தரத்தைப் பார்த்தார். அப்பா இருமுவதுபோல் சிரித்தார். யாரும் தள்ளி நிற்கவில்லை. நான் மட்டும் அம்மா சொன்னபடி கதவு வரை பின்வாங்கி, அது என்ன செய்யும் என்று தெரியாமல், ஊதுபத்தி எரிந்து முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.